பின்வாசல்ல தானா முளைச்ச கீரைகள்: எதைப் பறிக்கலாம், எதை விடணும்?

கேள்வி: காங்கேயத்து மருமக

வணக்கங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையாப் படிச்சுட்டு பதில் சொல்லுங்க.

எங்க வீடு காங்கேயத்துல இருந்து தாராபுரம் போற ரோட்டுல, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்குது. வீடு கட்டினது போக பின்னாடி ஒன்றரை சென்ட் வெறும் செம்மண். எங்க மாமியார் இருந்த வரைக்கும் அந்த மண்ணுல ஒரு செடியும் வீணாப் போனதில்லை. புரட்டாசி, ஐப்பசி மழை விழுந்து ரெண்டு வாரம் ஆச்சுன்னா, காப்பி குடிச்ச கையோட முந்தானையை இழுத்துச் செருகிட்டு உக்காந்துருவாங்க. கால் மணி நேரத்துல மடி ரொம்பிரும். என்ன கீரைங்க அத்தைன்னு கேட்டா, "கலவைக்கீரை கண்ணு"ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க. மண்சட்டியில வேக வெச்சு, மத்துல கடைஞ்சு, களியோட அவங்க போடற அந்தக் கடைசலுக்காகவே என் பையன் ஸ்கூல்ல இருந்து ஓடி வருவான்.

போன தை மாசம் தவறிட்டாங்க.

பதினோரு வருஷம் ஒரே வீட்டுல இருந்தேனுங்க. நான் உள்ளே தையல் மிஷின்ல உக்காந்திருப்பேன், ஜன்னல் வழியா அவங்க தெரிவாங்க. அவங்க கையைப் பாத்தேன், கையில இருந்த இலையைப் பாக்கலை. இந்த வருஷம் மழைக்கு அதே மண்ணுல அதே மாதிரி பச்சைப்பசேல்னு முளைச்சிருக்குது. வீட்டுக்காரர் ஆளை விட்டுச் செதுக்கிரலாங்கறார். எனக்கு மனசு வரலை.

எனக்கு உறுதியாத் தெரிஞ்சது மூணுதான்: குப்பைக்கீரை, சுக்குட்டிக்கீரை, முடக்கத்தான். மத்ததுல அஞ்சு செடி நிறைய இருக்குது. பாத்ததை அப்படியே எழுதறேன்.

ஒண்ணு: தரையோட படருது. தண்டு செவப்பு, விரல்ல அமுக்கினா தண்ணி கோத்த மாதிரி. இலை சுண்டுவிரல் நகம் அளவு, நுனி அகலம், காம்புப் பக்கம் குறுகல், நல்ல தடிப்பு. காலையில ஒன்பது மணிக்குச் சின்ன மஞ்சள் பூ விரிஞ்சிருந்துச்சு, மத்தியானம் போய்ப் பாத்தா மூடிருச்சு.

ரெண்டு: இதுவும் படர்றதுதான், இதுவும் சதைப்பத்துதான். ஆனா இலை பெருசு, வட்டமா இருக்குது, ஓரம் லேசா செவந்திருக்குது.

மூணு: நிமிந்து முழங்கால் உசரம். இலை சிறுகீரை மாதிரி. நூல் மாதிரி நீளமான காம்புல ரோஸ் நிறத்துல மொட்டு மொட்டா.

நாலு: சுக்குட்டிக்கீரை மாதிரியே இருக்குது, ஆனா இலை கொஞ்சம் பெருசு, தண்டுல ஊதா ஓடுது. பூ இன்னும் வரலை.

அஞ்சு: மண்ணோட ஒட்டிப் பாய் விரிச்ச மாதிரி. கிள்ளினா பால் வருது.

ஒரு தப்பும் பண்ணிட்டேன், அதையும் சொல்லிடறேன். போன ஞாயித்துக்கிழமை ஒண்ணையும் ரெண்டையும் ஒரே செடின்னு நெனைச்சு, ரெண்டாவதை அரைக்கூடை பறிச்சு, தண்டோட நறுக்கிக் கடைஞ்சேன். சாயந்தரத்துக்குள்ள எனக்கும் அவருக்கும் வயித்தால போக ஆரம்பிச்சு ராத்திரி முழுக்க நிக்கலை. பையன் ரெண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தான், அவனுக்கு ஒண்ணும் ஆகலை. அந்த ராத்திரி நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். செல்போன்ல செடி காட்டற ஆப்பையும் போட்டுப் பாத்தேன். ஒரே செடிக்கு மூணு தடவை மூணு பேர் சொல்லுது.

அதனாலதான் இங்க கேக்கறேன். இதுல எது கீரை, எது இல்லை? எப்படிப் பிரிச்சுப் பாக்கறது? அத்தை மடி கட்டின அந்தக் கலவையில என்னென்ன இருந்திருக்கும்?

பதில் 1: மூலனூர் களைக்கொத்து

கண்ணு, நான் சொல்லச் சொல்ல எம்பட பேத்தி எழுதறா. எனக்கு அறுவத்தெட்டு. பதிமூணு வயசுல களைக்கொத்து பிடிச்சவ. கடலைக்காடு, சோளக்காடு, மொளகாக்காடுன்னு நான் களை வெட்டாத காடு எங்கூருல இல்லை. கூலி ஒரு பக்கம், பொழுது எறங்கறப்ப மடியில கீரை ஒரு பக்கம். வீட்டுக்குப் போனா அதுதான் கொழம்பு.

உன்ர ரெண்டாவது செடி சாரணை. அது கீரைதான் கண்ணு, ஆனா கொழுந்துல கீரை. மொளைச்சு நாலஞ்சு இலை விட்டப்ப, கலவையில ரெண்டு கிள்ளுப் போடுவோம். தனியா அதையே கடைய மாட்டோம். பூத்துக் காய் வெச்சுட்டா தொடவே மாட்டோம், வயித்தைப் பிச்சுரும். நீ முத்துனதை அரைக்கூடை போட்டிருக்கற, பின்ன போகாம என்ன பண்ணும்? உங்க அத்தை அதுல நுனி மட்டும் கிள்ளியிருப்பா.

மூணாவது தொய்யக்கீரை. அந்த ரோஸ் பூவுதான் அடையாளம், வேற எதுக்கும் அப்படி வராது. மழைக்கீரையில எனக்குப் பிடிச்சது அதுதான். பச்சைப்பயிறு ஒரு கை, தொய்யக்கீரை நாலு கை, சின்ன வெங்காயம் பத்து, பச்சமொளகா ரெண்டு, பூண்டு நாலு பல்லு, சீரகம் கொஞ்சம். பயிறு முக்கா வேக்காடு வந்தப்பறம் கீரையைப் போடு. மூடி போடாத. வெந்ததும் தண்ணிய வடிச்சு வெச்சுட்டு மத்துல கடைஞ்சு, தேவைக்கு அந்தத் தண்ணியச் சேத்து, கடுகு, வரமொளகா தாளிச்சுக் கொட்டு. கம்மஞ்சோத்துக்கு அதை விட வேற என்ன வேணும்!

பறிக்கறதுக்கு ஒண்ணு சொல்றேன், அதைப் பிடிச்சுக்க. வேரோட புடுங்காத. நுனியில மூணு விரக்கடை நகத்துல கிள்ளு. டப்புன்னு ஒடிஞ்சா கீரை. நாரு இழுத்துட்டு வந்தா அது ஆட்டுக்கு. கிள்ளி விட்ட எடத்துல பக்கக்கெளை ரெண்டு வரும், அடுத்த வாரம் அதையும் கிள்ளலாம்.

அத்தை மடியில இருந்தது என்னன்னு கேட்டியே. எங்க சீமையில கலவைன்னா குப்பைக்கீரை, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமுட்டி, சாரணைக் கொழுந்து, மூக்கரட்டைக் கொழுந்து, சுக்குட்டி நாலு இலை. முள்ளுக்கீரை கெடைச்சா முள்ளு வெக்கறதுக்கு முன்னாடி அதும் கிள்ளுவோம். எதும் ஒரு கைக்கு மேல இருக்காது. அதுதான் கலவை.

நாலாவதை மட்டும் தொடாத கண்ணு. பால் வர்றதையும் விட்டுரு. மத்ததைப் படிச்சவங்க சொல்லுவாங்க.

பதில் 2: இலைநரம்பு

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் நான். மேலே பேசிய அம்மாவின் அனுபவத்துக்கு முன்னால் நான் சேர்ப்பதற்கு அதிகமில்லை. அடையாளங்களை மட்டும் இன்னும் நெருக்கத்தில் சொல்கிறேன். நீங்கள் செடிகளைப் பார்த்து எழுதியிருக்கும் விதமே பாதி வேலையை முடித்துவிட்டது.

உங்கள் முதல் செடி பருப்புக்கீரை. இதையும் சாரணையையும் குழப்பிக்கொண்டது நீங்கள் மட்டுமல்ல, என் மாணவர்கள் ஆண்டுதோறும் குழப்பிக்கொள்வார்கள். பூவை எதிர்பார்க்காமலே பிரிக்க ஒரு வழி உண்டு. சாரணையின் ஒரு கணுவை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். எதிரெதிராக இரண்டு இலை இருக்கும், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. எந்தக் கணுவைப் பார்த்தாலும் இப்படித்தான். காம்பின் அடிப்பகுதி விரிந்து மெல்லிய சவ்வுபோலத் தண்டைத் தழுவியிருக்கும். வெளிர்ரோஸ் பூ அந்த உறைக்குள்ளேயே பாதி புதைந்து கிடக்கும். பருப்புக்கீரையில் இந்தச் சவ்வு கிடையாது. இலைகள் தண்டு நுனியில் கொத்தாகக் கூடி, அந்தக் கொத்தின் நடுவில் மஞ்சள் பூ உட்கார்ந்திருக்கும். காய்ந்த காய் செப்பு மூடி கழல்வதுபோல் மேல்பாதி கழன்று, உள்ளே மணல்போலக் கறுப்பு விதைகள் தெரியும்.

மூக்கிரட்டைக்கும் ஒரு இலை பெரிது, ஒரு இலை சிறிது என்ற அதே குணம் உண்டு. அங்கே இலையைத் திருப்புங்கள். அடிப்பக்கம் சாம்பல் பூசியதுபோல் வெளுத்திருக்கும், ஓரம் அலையலையாக இருக்கும். மெல்லிய காம்புகளில் கடுகளவு ஊதாரோஸ் பூ. அதன் காய் பிசுபிசுப்பாகப் புடவையில் ஒட்டும்.

ஐந்தாவது, பால் வருவது, சித்திரப்பாலாடை வகை. நிமிர்ந்து, முடியோடு, கணுவில் உருண்டையாகப் பூக்கொத்து இருந்தால் அம்மான் பச்சரிசி. நாட்டு மருத்துவத்தில் இவற்றுக்கு இடமுண்டு, கீரைச்சட்டியில் இடமில்லை. பருப்புக்கீரை பறிக்கும்போது இதன் கொடி ஊடே புகுந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு தண்டையும் கிள்ளும்போது முறிந்த முனையைப் பாருங்கள். பால் கசிந்தால் அந்தத் தண்டு வேண்டாம். ஆனால் பால் இல்லாவிட்டால் உண்ணலாம் என்று மட்டும் திருப்பிப் போட்டுவிடாதீர்கள்.

அதற்குச் சாட்சி உங்கள் நான்காவது செடி. எழுதியிருப்பதைப் பார்த்தால் ஊமத்தங்கன்று என்றே நினைக்கிறேன். பாலும் இல்லை, முள்ளும் இல்லை, கொடிய நஞ்சு. மணத்தக்காளியும் (நீங்கள் சொல்லும் சுக்குட்டி) ஊமத்தையும் ஒரே குடும்பம், அதனால்தான் நாலைந்து இலைப் பருவத்தில் இந்த ஏமாற்று. ஒரு இலையைக் கசக்கி மோந்து பாருங்கள், குமட்டும் வாடை வரும். கையை உடனே கழுவிவிடுங்கள், கண்ணில் வைக்காதீர்கள். காம்பு சேரும் இடத்தில் இலையின் இரு பக்கமும் ஒரே இடத்தில் தொடங்காமல் ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருக்கும். மணத்தக்காளியின் பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது, வெள்ளை, ஐந்து இதழ், நடுவில் மஞ்சள். ஊமத்தைப் பூ எக்காளம்போல் நீண்டு நிற்கும், காயில் முள். பூ வந்தால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். பூ வரும்வரை அந்த இடத்தில் மணத்தக்காளியையும் சேர்த்துத் தொடாதீர்கள்.

குப்பைக்கீரை தெரியும் என்கிறீர்கள். அதன் இலை நுனியைக் கவனித்திருக்கிறீர்களா? கூராக முடியாமல், நடுவில் எறும்பு கடித்ததுபோல் ஒரு சிறு பள்ளம் இருக்கும். முள்ளுக்கீரைக்கு இலைக்கணுவில் ஜோடி முள். நாயுருவி இளசாக இருக்கும்போது சிலர் கீரையென்று எடுத்துவிடுவார்கள். அதில் இலைகள் எதிரெதிர், குப்பைக்கீரையிலும் முள்ளுக்கீரையிலும் ஒன்று மாற்றி ஒன்று.

இரண்டு நம்பிக்கைகளை விட்டுவிடச் சொல்வேன். ஆடு தின்றால் நாமும் தின்னலாம் என்பது ஒன்று. எருக்கிலையை ஆடு தின்னும். கொஞ்சம் வாயில் வைத்துப் பார்த்து, கசக்காவிட்டால் சாப்பிடலாம் என்பது இன்னொன்று. நஞ்செல்லாம் கசந்துதான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான் என்று எனக்குப் படுகிறது. இந்த மழையில் முளைத்தவற்றைப் படிக்கிற பருவமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செடிக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, பூத்துக் காய்க்கும்வரை கிள்ளாமல் விடுங்கள். முளைத்த முதல் வாரம், மூன்றாம் வாரம், பூக்கும்போது என்று அதே செடியைப் படம் எடுங்கள். அடுத்த மழைக்கு அதே விதைகள் மறுபடி முளைக்கும். அப்போது பூ இல்லாமலே, கொழுந்திலேயே உங்களுக்குத் தெரியும்.

ஒரு சுவையான செய்தி சொல்லி முடிக்கிறேன். மண் காய்ந்த நாட்களில் பருப்புக்கீரை இரவில் காற்றை உள்வாங்கி, அதைப் புளிப்பான அமிலமாகச் சேமித்து, பகலில் செலவழிக்கும். அதனால் விடியலில் கிள்ளினால் புளிப்பு தூக்கலாக இருக்கும், சாயங்காலம் கிள்ளினால் குறைந்திருக்கும். உங்கள் வீட்டிலேயே இரண்டு வேளையும் பறித்து, கழுவி, வேகவைத்து ருசித்துப் பாருங்கள்.

பதில் 3: தாமிரபரணிக்கரை

அக்கா, பேரை மட்டும் வெச்சுச் செடியை முடிவு பண்ணிராதீங்க. நீங்க சுக்குட்டிங்கறது எங்க பக்கம் மிளகுதக்காளி, மெட்ராஸ்ல மணத்தக்காளி. பருப்புக்கீரைன்னு மேல சார் சொன்னது படர்ற சதைச்செடி. ஆனா சக்கரவர்த்திக்கீரையையும் பருப்புக்கீரைன்னு சொல்லுத ஆளுக இருக்காங்க. அது நிமிந்து வளரும், கொழுந்துல வெள்ளையா மாவு தூவின மாதிரி இருக்கும், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. யாராவது போன்ல "அது பருப்புக்கீரைதான், தைரியமாச் சாப்பிடு"ன்னு சொன்னா, ரெண்டு பேரும் ஒரே செடியைத்தான் பேசுதீங்களான்னு மொதல்ல பாருங்க.

ஆரையும் புளியாரையும் அப்படித்தான். ஆரைக்கு நாலு இலை, வாய்க்கால்ல, வயல்ல தண்ணியோட நிக்கும், பூவே பூக்காது. புளியாரைக்கு மூணு இலை, ஒவ்வொண்ணும் நடுவுல வெட்டு விழுந்த மாதிரி இருக்கும், மஞ்சப் பூ. அதைத் துவையல் அரைச்சா நல்லாருக்கும், ஆனா புளிப்பு ஜாஸ்தி, ஒரு கைப்பிடிக்கு மேல வேண்டாம்.

நான் எழுத வந்தது வேற. செடி சரியா இருந்தா மட்டும் போதாது, இடமும் சரியா இருக்கணும். ரெண்டு வருசத்துக்கு முன்னால பக்கத்துக் காலிமனையில அருமையான மூக்கிரட்டையும் குப்பைக்கீரையும் நின்னுச்சு. எங்கம்மா ஒரு கூடை பறிச்சு, கழுவி, நறுக்கக்கூடச் செஞ்சாச்சு. அப்பதான் தெருவுல ஒரு பிள்ளை சொல்லுச்சு, முந்தாநாள் அங்க ஒரு ஆளு முதுகுல டப்பா மாட்டிட்டு மருந்து அடிச்சாருன்னு. கிளைபோசேட் மாதிரிக் களைக்கொல்லி அடிச்ச செடி அன்னைக்கே கருகாது, சில நாளைக்குப் பச்சையாத்தான் நிக்கும். பார்த்தா ஒண்ணுமே தெரியாது. அந்தக் கூடையைக் குழி தோண்டிப் புதைச்சோம். ஒரு வாரத்துல அந்த மனை பூரா மஞ்சளாப் போச்சு. நல்ல வேளை, அந்தப் பிள்ளை வாயைத் தொறந்துச்சு.

அதனால அக்கா, உங்க சுவருக்கு அந்தப் பக்கம் யாரு என்ன அடிக்காங்கன்னு விசாரிங்க. செப்டிக் டேங்க் பக்கம், ரோட்டோரம், வண்டி கழுவுத இடம், நாய் ஒண்ணுக்கு அடிக்கித மூலை, இதெல்லாம் விட்டுருங்க. இலைக்கு அடியில வெள்ளைக் கொப்புளம் மாதிரி புள்ளி இருந்தா அதையும் தள்ளுங்க.

காங்கேயத்து மருமக

எல்லாருக்கும் கை எடுத்துக் கும்பிடறேனுங்க. மூலனூர் அம்மா எழுதினதைப் படிச்சப்ப அத்தையே பேசற மாதிரி இருந்துச்சு. காலையிலயே போய் நாலாவது செடியைக் கசக்கி மோந்தேன். சார் சொன்ன அதே குமட்டல். கவரை மாட்டிட்டு அஞ்சு கன்னையும் வேரோடு எடுத்துட்டேன். சுக்குட்டிக்கு அரை அடி தள்ளித்தான் நின்னுச்சு. நெனைச்சாலே உடம்பு நடுங்குது.

ஒண்ணு கேக்கணும். எங்க மாமனாருக்குச் சிறுநீரகக் கல் ரெண்டு தடவை வந்திருக்குது, இருதயத்துக்கும் மாத்திரை சாப்பிடறார். அவருக்கும் இந்தக் கடைசல்னா உசுரு. குடுக்கலாமா?

பதில் 4: இரவுப்பணி

சகோதரி, நான் நர்ஸ். சிறுநீரகப் பிரிவுல பல வருஷம் வேலை பார்த்திருக்கேன். உங்க கேள்விக்கு டாக்டர்தான் முடிவு சொல்லணும், ஆனா அவர்கிட்ட என்ன கேக்கணும்னு நான் சொல்றேன்.

பருப்புக்கீரை, சாரணை, குப்பைக்கீரை, புளியாரை எல்லாத்துலயும் ஆக்சலேட்ங்கற ஒரு உப்பு உண்டு. ஆக்சலேட்டும் கால்சியமும் சேர்ந்து உண்டாகிற கல்தான் அதிகம் பேருக்கு வருது. மாமனாருக்கு வந்தது எந்த வகைக் கல்னு பழைய ரிப்போர்ட்ல இருந்தா எடுத்துட்டுப் போங்க. கீரையை நிறைய தண்ணியில, மூடாம வேக வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டா ஆக்சலேட் குறையும், பொட்டாசியமும் குறையும். மூலனூர் அம்மா சொன்ன மாதிரி வடிச்ச தண்ணியைத் திரும்பச் சேர்க்கிறது நல்ல உடம்புக்காரங்களுக்குச் சரி. கல் வந்தவருக்கு அந்தத் தண்ணி வேண்டாம். மோரோட, தயிரோட சேர்த்துச் சாப்பிடறது நல்லது, அதுல இருக்கிற கால்சியம் குடல்லயே ஆக்சலேட்டைப் பிடிச்சு வெளியே கொண்டு போயிடும்.

இருதய மாத்திரைன்னு சொன்னீங்களே, அதுல ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற வார்ஃபரின் மாதிரி மாத்திரை இருக்கான்னு பாருங்க. இருந்தா, கீரையை ஒரு வாரம் கூடை கூடையாச் சாப்பிட்டு அடுத்த வாரம் நிறுத்தறது கூடாது. கீரையில இருக்கிற வைட்டமின் கே அந்த மாத்திரையோட வேலையைக் குறைக்கும். டாக்டர் கணக்குப் போட்டுக் குடுத்த அளவு தடுமாறிடும். அவர்கிட்ட சொல்லிட்டு, எப்பவும் ஒரே அளவாச் சாப்பிடற மாதிரி வெச்சுக்கணும்.

பெரியவர் ஆசையா கேட்டா மறுக்க மனசு வராதுதான். எங்கப்பாவுக்கு நானே தட்டுல இருந்து எடுத்திருக்கேன். அதனால சொல்றேன், கேட்டுட்டுக் குடுங்க.

காங்கேயத்து மருமக (நாலு வாரம் கழிச்சு)

நடந்ததைச் சொல்லணும்னு வந்தேனுங்க.

சார் சொன்ன மாதிரி ஏழு குச்சி நட்டேன். தையல்ல மிஞ்சற துணித்துண்டைக் கிழிச்சு, ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு நிறம் கட்டினேன். சாரணைக்குச் செவப்பு, பருப்புக்கீரைக்கு மஞ்சள், தொய்யக்கீரைக்கு ரோஸ். பையன் தினமும் ஸ்கூல் போறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல எழுதி வெச்சான். அவன் எழுதினதுல எனக்குப் பிடிச்சது: "சாரணை இலையில அண்ணன் இலை ஒண்ணு, தம்பி இலை ஒண்ணு." இப்ப அவன் தெருவுல போறப்பவே அண்ணன் தம்பி செடியைக் காட்டறான்.

ரெண்டாவது வாரம் ஒரு மழை வந்துச்சு. அதுக்கு முளைச்ச புதுக்கன்னுகளை ராத்திரி போன் படங்களோட வெச்சுப் பாத்தேன். மூணு செடி சந்தேகமில்லாம தெரிஞ்சுது. மூணு மட்டும்தான் பறிச்சேன்: குப்பைக்கீரை, தொய்யக்கீரை, பருப்புக்கீரை. மூணு கைப்பிடிதான் வந்துச்சு. மஞ்சள் தண்ணியில அலசினேன், ஒவ்வொரு தண்டு முனையையும் பாத்தேன். அந்தப் பாலாடைக் கொடி ரெண்டு துண்டு நிஜமாவே உள்ள இருந்துச்சுங்க. எடுத்துப் போட்டேன்.

மொத நாள் நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கு ரெண்டு கரண்டி. மறுநாள் முழுக்க ஒண்ணும் ஆகலை. மூணாம் நாள்தான் பையனுக்குக் குடுத்தேன். சாப்பிட்டுட்டு, "ஆத்தா கடைசல் மாதிரி இருக்குது, ஆனா இன்னும் கொஞ்சம் கடையணும்"னான். மூலனூர் அம்மா, பச்சைப்பயிறு உங்க அளவுதான் போட்டேன்.

விடிகாலைப் பருப்புக்கீரையையும் சாயந்தரப் பருப்புக்கீரையையும் தனித்தனியா வேக வெச்சுப் பாத்தோம். மழை பேஞ்ச வாரம் எனக்கு வித்தியாசம் தெரியலை. பத்து நாள் வெயில் காய்ஞ்ச பின்னாடி பாத்தப்ப காலையில பறிச்சது நல்லாவே புளிச்சுது. இப்பக் கடைசலுக்குன்னா விடியக்காலம் கிள்ளறேன், தக்காளியே போடறதில்லை.

மாமனாரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை அவருக்கு இல்லை. கல்லுக்காகப் பருப்புக்கீரையும் சாரணையும் வேண்டாம்னுட்டார். மத்ததை வடிச்சுக் கொட்டிட்டு வாரம் ஒரு தடவை கொஞ்சமாக் குடுக்கலாம்னார். அதனால அவருக்குத் தொய்யக்கீரை மட்டும் தனியாக் கடைஞ்சு, மோர் ஊத்திப் பிசைஞ்சு குடுத்தேன். சாப்பிட்டுட்டு ரொம்ப நேரம் தட்டைப் பாத்துட்டே இருந்தார். அப்புறம், "அவ இதுல வெள்ளப்பூண்டைத் தட்டித்தான் போடுவா, முழுசாப் போட மாட்டா"ன்னார். அடுத்த தடவை தட்டிப் போடறேன்.

வீட்டுக்காரர் செதுக்கற ஆளைக் கூப்பிடலை.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது. கிணத்துமேட்டு ஓரத்துல புதுசா ஒரு செடி வந்திருக்குது. இலை நீளம், கூர், ஒன்று மாற்றி ஒன்று. உச்சியில மெழுகுவத்தி மாதிரி வெள்ளையும் ரோஸும் கலந்து ஒரு மொட்டு நிமிருது. பண்ணைக்கீரையா இருக்குமோன்னு நெனைக்கறேன். பச்சைத் துணி கட்டி வெச்சிருக்கேன், கிள்ளலை. பூ முழுசா விரிஞ்சதும் எழுதறேன், சார் பாத்துச் சொல்லணும்.